முன் சிலுவைத் தசைநார்க் காயத்துக்கான இயன்முறைப் பயிற்சிகள்

முன் சிலுவைத் தசைநார்க் காயத்துக்கான இயன்முறைப் பயிற்சிகள் என்பவை, முழங்காலின் உள்ளே அமைந்துள்ள முன் சிலுவைத் தசைநார் கிழிந்த ஒருவர் மீண்டும் நடக்கவும், ஓடவும், விளையாடவும் உதவும் வகையில் படிப்படியாக அமைக்கப்பட்ட உடற்பயிற்சிகள் ஆகும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், அறுவை சிகிச்சையின்றிக் குணமடைய முயல்பவர்களுக்கும் இவை இன்றியமையாதவை. வீக்கத்தைக் குறைத்தல், முழங்காலை முழுமையாக நீட்டும் ஆற்றலை மீட்டல், தொடைத் தசைகளை வலுப்படுத்தல், சமநிலையை மீளப் பழகுதல், பாதுகாப்பாகத் துள்ளவும் திசைமாறவும் கற்றல் ஆகியன இவற்றின் நோக்கங்கள்.

இக்காயத்தில் வலி நீங்குவதும் தசைநார் உறுதி பெறுவதும் ஒரே காலத்தில் நிகழ்வதில்லை. பெரும்பாலானோருக்கு வலி சில வாரங்களில் தணிந்துவிடுகிறது. ஆனால் பொருத்தப்பட்ட தசைநார் உறுதிபெறப் பல மாதங்கள் ஆகின்றன. இந்த இடைவெளியைப் பாதுகாப்பாகக் கடக்கச் செய்வதே பயிற்சித் திட்டத்தின் முதன்மையான பணியாகும்.

உடற்கூறு

தொடை எலும்பு, கணைக்கால் உள்ளெலும்பு, சில்லெலும்பு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடம் முழங்கால் மூட்டு ஆகும். எலும்பை எலும்புடன் பிணைக்கும் உறுதியான இழைக்கற்றை தசைநார் எனவும், தசையை எலும்புடன் இணைப்பது தசைநாண் எனவும் அழைக்கப்படும். முழங்காலில் "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று பேச்சு வழக்கில் கூறப்படுவது பெரும்பாலும் தசைநாரையோ, மூட்டினுள் மெத்தைபோல் அமைந்த பிறைக் குருத்தெலும்பையோ குறிக்கும்.

முழங்காலில் நான்கு முதன்மையான தசைநார்கள் உள்ளன.

- முன் சிலுவைத் தசைநார்
- பின் சிலுவைத் தசைநார்
- உட்பக்கத் தசைநார்
- வெளிப்பக்கத் தசைநார்

முதல் இரண்டும் மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்வதால் சிலுவைத் தசைநார்கள் எனப் பெயர்பெற்றன. முன் சிலுவைத் தசைநார் தொடை எலும்பின் வெளிப்பக்க முண்டின் உட்சுவரில் தொடங்கி, முன்னோக்கி இறங்கி, கணைக்கால் உள்ளெலும்பின் மேற்பரப்பில் இணைகிறது. இதன் நீளம் சராசரியாக 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். கணைக்கால் எலும்பு தொடை எலும்பின் அடியிலிருந்து முன்னோக்கி நழுவாமல் தடுப்பது இதன் முதன்மைப் பணியாகும். மூட்டு திருகிக்கொள்வதையும் இது கட்டுப்படுத்துகிறது. இதில் உள்ள உணர்வு நரம்பு முனைகள் மூட்டு எந்த நிலையில் உள்ளது என்பதை மூளைக்கு அறிவிக்கின்றன. எனவே தசைநார் கிழியும்போது கட்டு அறுவதோடு இந்தத் தன்னிலை உணர்வும் குன்றுகிறது.

பயிற்சிகளைப் புரிந்துகொள்ளத் தசைகள் செயற்படும் திசையை அறிவது அவசியம். குவாட்ரிசெப்ஸ் எனப்படும் தொடை முன்தசை முழங்காலை நீட்டுகிறது. முழங்கால் ஏறத்தாழ நேராக இருக்கும் நிலையில் அது சுருங்கும்போது கணைக்கால் எலும்பை முன்னோக்கி இழுப்பதால் முன் சிலுவைத் தசைநார் இழுபடுகிறது. ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் தொடை பின்தசை அதே எலும்பைப் பின்னோக்கி இழுத்துத் தசைநாருக்குத் துணைபுரிகிறது.

காயம் ஏற்படும் விதமும் அறிகுறிகளும்

முன் சிலுவைத் தசைநார்க் காயங்களில் பெரும்பகுதி பிறர் மோதாமலே நிகழ்கின்றன. வேகமாக ஓடிவந்து திடீரென நிற்றல், பாதம் தரையில் ஊன்றியிருக்க உடலைத் திருப்புதல், தாவி ஒற்றைக்காலில் தரையிறங்குதல் ஆகியன வழமையான காரணங்கள். காற்பந்து, கூடைப்பந்து, வலைப்பந்து, கைப்பந்து, பனிச்சறுக்கு, சடுகுடு போன்ற விளையாட்டுகளில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் ஏற்படும் வாய்ப்பு அதிகம். இந்தியாவில் இரு சக்கர ஊர்தி விபத்துகளும் ஒரு முக்கிய காரணமாகும்.

காயமடையும் நொடியில் முழங்காலுக்குள் ஏதோ அறுந்ததுபோன்ற ஒலியைப் பலர் உணர்கின்றனர். சில மணி நேரத்துக்குள் மூட்டு வீங்குகிறது. வீக்கம் வடிந்த பின்னும், திரும்பும்போதோ படி இறங்கும்போதோ முழங்கால் "விட்டுப்போவது" போன்ற உணர்வு நீடிப்பதுண்டு.

முழங்காலை 20 முதல் 30 பாகை வரை மடக்கி வைத்து, கணைக்கால் எலும்பை முன்னோக்கி இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனை இதனைக் கண்டறிய உதவும் எளிய முறையாகும். அமெரிக்க மருத்துவர் ஜான் லாக்மன் பெயரால் அமைந்த இச்சோதனையை 1976-இல் ஜோசப் டோர்க்கும் பிறரும் விவரித்து வெளியிட்டனர். காந்த ஒத்ததிர்வுப் படிமம் காயத்தை உறுதிசெய்வதோடு, குருத்தெலும்பும் பிற தசைநார்களும் பாதிக்கப்பட்டுள்ளனவா என்பதையும் காட்டுகிறது.

சிகிச்சை முறைகள்

முற்றாகக் கிழிந்த முன் சிலுவைத் தசைநாரின் முனைகளைத் தைத்து இணைப்பது முற்காலத்தில் நற்பயன் தரவில்லை. ஆகவே நோயாளியின் உடலிலிருந்தே எடுக்கப்படும் தசைநாண் ஒன்றை, எலும்புகளில் துளையிட்டு அதே இடத்தில் பொருத்தும் மீளமைப்பு அறுவை சிகிச்சை வழக்கத்துக்கு வந்தது. இவ்வாறு பொருத்தப்படுவது ஒட்டு எனப்படும். சில்லெலும்புக்குக் கீழுள்ள தசைநாணின் நடுப்பகுதி, தொடை பின்தசைத் தசைநாண்கள், தொடை முன்தசைத் தசைநாண் ஆகியன ஒட்டாகப் பயன்படுகின்றன.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் கட்டாயமன்று. சுவீடனில் 121 இளம் வயதினரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு, உடனே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும், முதலில் பயிற்சி மட்டும் மேற்கொண்டு தேவைப்பட்டால் பின்னர் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் எனக் கூறப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. இரண்டு ஆண்டுகளின் முடிவில் இரு குழுவினருக்குமிடையே வலி, செயற்பாடு, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2013-இல் வெளியான ஐந்தாண்டு முடிவும் இதையே காட்டியது. அதே வேளையில், முதலில் பயிற்சி மேற்கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்தாண்டுகளுக்குள் அறுவை சிகிச்சையை நாடினர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

கிழிந்த தசைநார் தானாக ஒருபோதும் இணையாது என்ற பழைய கருத்தும் மறு ஆய்வுக்கு உள்ளாகியுள்ளது. முழங்காலை முதல் நான்கு வாரங்கள் 90 பாகையில் மடக்கி உறையிட்டு வைக்கும் முறையில் சிகிச்சை பெற்ற 80 பேரைப் பற்றிய ஆத்திரேலிய ஆய்வு 2023-இல் வெளியானது. அவர்களில் 90 விழுக்காட்டினரின் தசைநார் மூன்று மாதங்களில் இணைந்து வருவதற்கான அடையாளங்கள் படிமங்களில் தென்பட்டன. எனினும் இது ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வாகும். எந்தச் சிகிச்சை முறையைத் தேர்ந்தாலும் பயிற்சிகள் தவிர்க்க முடியாதவை.

பயிற்சிகளின் அறிவியல் அடிப்படை

தசைத் தடுப்பு

முழங்காலில் நீர் தேங்கும்போது மூட்டிலிருந்து செல்லும் நரம்புச் செய்திகள் தொடை முன்தசையின் இயக்கத்தைத் தண்டுவட அளவிலேயே தடுக்கின்றன. தசையில் காயம் இல்லாதபோதும் நோயாளியால் அதனை முழுமையாக இறுக்க முடிவதில்லை. இதனால் சில நாட்களிலேயே தொடை மெலியத் தொடங்குகிறது. வீக்கத்தைக் குறைப்பதும் தசையை இறுக்கப் பழகுவதும் முதல் நாளிலிருந்தே வலியுறுத்தப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

ஒட்டின் முதிர்ச்சி

பொருத்தப்பட்ட நாளில் ஒட்டு வலிமையான தசைநாணாகவே இருக்கும். இரத்த ஓட்டம் துண்டிக்கப்பட்டதால் அதன் உயிரணுக்கள் பல இறக்கின்றன. பின்னர் புதிய இரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் அதனுள் நுழைந்து அதனைத் தசைநார் போன்ற இழையமாக மாற்றியமைக்கின்றன. விலங்குகளில் நடத்தப்பட்ட ஆய்வுகளின்படி, ஏறத்தாழ ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை ஒட்டு மிகவும் வலுக்குறைந்து காணப்படுகிறது. பெரும்பாலான நோயாளிகள் வலியின்றி நடமாடி, தாம் குணமடைந்துவிட்டதாகக் கருதும் காலமும் இதுவே. மாற்றம் முழுமையடைய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம்.

பயிற்சிகள் தசைநாரை இழுக்கும் அளவு

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் பெய்னனும் அவரது குழுவினரும், 1990களில் தன்னார்வலர்களின் முன் சிலுவைத் தசைநாரில் நுண்ணிய அளவியைப் பொருத்தி, பல்வேறு அசைவுகளில் அது எவ்வளவு நீள்கிறது என்று அளந்தனர். அவற்றுள் சில பின்வருமாறு:

- முழங்கால் 15 பாகை மடங்கிய நிலையில் தொடை முன்தசையை மட்டும் இறுக்குதல்: 4.4 விழுக்காடு
- குந்தி எழுதல்: 3.6 விழுக்காடு
- எடையின்றி முழங்காலைத் தானாக மடக்கி நீட்டுதல்: 2.8 விழுக்காடு
- படியேறுதல்: 2.7 விழுக்காடு
- நிலை மிதிவண்டி மிதித்தல்: 1.7 விழுக்காடு
- முழங்கால் 90 பாகை மடங்கிய நிலையில் தொடை முன்தசையை இறுக்குதல்: 0 விழுக்காடு

ஒரே தசையை ஒரே விதமாக இறுக்கினாலும், முழங்கால் இருக்கும் கோணத்தைப் பொறுத்துத் தசைநாரின் இழுவிசை பெரிதும் மாறுகிறது என்பதை இது தெளிவாக்குகிறது. பாதம் தரையில் ஊன்றியிருக்கச் செய்யப்படும் குந்துதல் போன்றவை மூடிய சங்கிலிப் பயிற்சிகள் எனவும், பாதம் காற்றில் அசையச் செய்யப்படும் கால் நீட்டல் போன்றவை திறந்த சங்கிலிப் பயிற்சிகள் எனவும் அழைக்கப்படும். முன்பு திறந்த சங்கிலிப் பயிற்சிகள் முற்றாகத் தவிர்க்கப்பட்டன. தொடை முன்தசையைத் தனித்து வலுப்படுத்த அவை பயன்படுவதால், தற்காலத்தில் 90 பாகை முதல் 45 பாகை வரையான வரம்பில் தொடங்கி மெல்ல விரிவுபடுத்தப்படுகின்றன.

பயிற்சிக் கட்டங்கள்

பின்வரும் கால அளவுகள் மீளமைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிந்திய பொதுவான வழிகாட்டல்கள் மட்டுமே. ஒரு கட்டத்துக்குரிய இலக்குகளை எட்டிய பின்னரே அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டும். நாட்காட்டியில் நாள் கடந்துவிட்டது என்பது மட்டும் போதுமான தகுதியன்று. பிறைக் குருத்தெலும்பு தைக்கப்பட்டிருந்தால், எடை ஊன்றுவதற்கும் ஆழமாக மடக்குவதற்கும் அறுவை மருத்துவர் தனிக் கட்டுப்பாடுகள் விதிப்பதுண்டு.

அறுவைக்கு முன்

காயமடைந்த முழங்காலில் உடனே அறுவை சிகிச்சை செய்தால் மூட்டு இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். ஆகவே வீக்கம் வடிந்து, முழங்கால் முழுமையாக நீண்டு, இயல்பாக நடக்க முடியும் வரை சில வாரங்கள் பயிற்சி அளிப்பது வழக்கம். அறுவைக்கு முன் தொடைத் தசை எவ்வளவு வலுவாக உள்ளதோ, அந்த அளவுக்குப் பின்னைய மீட்சியும் சிறப்பாக அமைகிறது.

முதற் கட்டம்: முதல் இரண்டு வாரங்கள்

இக்கட்டத்தின் தலையாய இலக்கு முழங்காலை மறு காலைப் போலவே முழுமையாக நீட்டுவதாகும். சில பாகை நீட்டம் குறைந்தாலும் நடை நொண்டலாகி, தொடைத்தசை தொடர்ந்து மெலியும்.

- கணுக்கால் அசைத்தல்: படுத்த நிலையில் பாதத்தை மேலும் கீழும் அடிக்கடி அசைத்தல். இது கணைக்காலின் இரத்த ஓட்டத்தைத் தூண்டுகிறது.
- குதிகால் உயர்த்தி நீட்டல்: குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலின் பின்புறம் எதுவும் தாங்காதவாறு 5 முதல் 10 நிமிடங்கள் தளர்வாக விடுதல். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து உறங்குவது இதற்கு நேரெதிரான விளைவைத் தருவதால் அதனைத் தவிர்க்க வேண்டும்.
- தொடைத்தசை இறுக்கல்: காலை நீட்டி வைத்து, முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்துவதுபோல் தொடையை 5 நொடிகள் இறுக்கித் தளர்த்துதல். சில்லெலும்பு மேல்நோக்கி நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் பயிற்சி சரியாகச் செய்யப்படுகிறது எனலாம்.
- குதிகால் இழுத்தல்: படுத்த நிலையில் குதிகாலைப் படுக்கையில் உரசியவாறு மெல்லப் பிட்டத்தை நோக்கி இழுத்து முழங்காலை மடக்குதல். 90 பாகை மடக்கம் இக்கட்டத்தின் இலக்காகும்.
- நேர்க்கால் உயர்த்தல்: மறு காலை மடக்கி வைத்து, காயமுற்ற காலை முழங்கால் வளையாமல் ஓரடி உயரத்துக்குத் தூக்கி இறக்குதல். தூக்கும்போது முழங்கால் தளர்ந்து மடங்குமாயின், தசை இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பொருள்.

தசையைத் தானாக இறுக்க இயலாதவர்களுக்கு மின்தூண்டல் கருவி துணையாகப் பயன்படுகிறது. மருத்துவர் அனுமதித்த அளவுக்கு எடையை ஊன்றி, ஊன்றுகோல்களுடன் நடக்க வேண்டும். நொண்டாமல் நடக்க முடிந்த பின்னரே ஊன்றுகோல்களைக் கைவிட வேண்டும்.

இரண்டாம் கட்டம்: இரண்டாவது வாரம் முதல் ஆறாவது வாரம் வரை

- சிறு குந்தல்: நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைச் சுமார் 45 பாகை வரை மடக்கி எழுதல். இரு கால்களிலும் எடை சமமாக இருக்க வேண்டும்.
- குதிகால் தூக்கல்: நின்ற நிலையில் முன்பாதத்தில் எழும்பி இறங்குதல்.
- இடுப்பு உயர்த்தல்: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றி இடுப்பைத் தூக்குதல். இது பிட்டத்தசையையும் தொடை பின்தசையையும் வலுப்படுத்துகிறது.
- நிலை மிதிவண்டி: முழங்கால் ஏறத்தாழ 110 பாகை மடங்கத் தொடங்கியதும், இருக்கையை உயர்த்தி வைத்து, எதிர்விசையின்றி மிதித்தல்.
- படியேறல்: தாழ்வான படியில் காயமுற்ற காலை வைத்து, மறு காலால் தரையை உந்தாமல் ஏறுதல்.
- ஒற்றைக்கால் நிற்றல்: முதலில் கண்களைத் திறந்தும், பின்னர் மூடியும், அதன் பின் மென்மையான மெத்தையின் மேலும் நின்று சமநிலை பழகுதல்.

தொடை பின்தசைத் தசைநாண் ஒட்டாக எடுக்கப்பட்டவர்கள், அத்தசையை எதிர்விசையுடன் தனித்து மடக்கும் பயிற்சிகளைத் தொடக்க வாரங்களில் தவிர்ப்பர். சில்லெலும்பின் கீழ்த் தசைநாண் எடுக்கப்பட்டவர்களுக்கு முழங்காலின் முன்புற வலியைக் கவனித்துச் சுமை கூட்டப்படும்.

மூன்றாம் கட்டம்: ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை

உடற்பயிற்சிக் கூடத்தில் எடைகளைக் கொண்டு தசை வலிமையைக் கூட்டும் காலம் இது. காலால் எடை தள்ளல், ஆழம் கூடிய குந்தல், ஓரடி முன்வைத்துத் தாழ்ந்து எழுதல், படியிலிருந்து மெல்ல இறங்குதல், மீள்பட்டையைக் கணுக்காலில் கட்டிப் பக்கவாட்டில் நடத்தல் ஆகியன இதில் அடங்கும். எல்லாப் பயிற்சிகளிலும் முழங்கால் உட்புறமாகச் சரியாமல், பாதத்தின் இரண்டாம் விரலின் நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஆடியில் பார்த்துக்கொள்வது வழக்கம். காயம் நேர்ந்தபோது முழங்கால் உட்சரிந்த அதே அசைவை உடல் மறக்கச் செய்வதே இதன் நோக்கமாகும்.

வலிமை கூடச் சுமையும் கூட வேண்டும். ஒருவரால் தொடர்ந்து பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடையை அடிப்படையாகக் கொண்டு, அதன் பாதி, முக்கால், முழு அளவு என்று மூன்று சுற்றுகள் செய்யும் முறை நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்டு வருகிறது. எடையைக் கூட்டாமல் அதே எளிய அசைவை நூறு முறை செய்வது வலிமையை அதிகம் வளர்ப்பதில்லை. வீட்டில் தனித்துப் பயிற்சி செய்வோரின் முன்னேற்றம் தேங்கி நிற்பதற்கு இது ஒரு பொதுவான காரணமாகும்.

நான்காம் கட்டம்: மூன்றாவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை

மெல்லோட்டம் பொதுவாகப் பன்னிரண்டு வாரங்களுக்குப் பின்னரே தொடங்கப்படுகிறது. அதற்கு முன் வீக்கம் இல்லாதிருத்தல், முழங்கால் முழுமையாக நீளுதல், ஒற்றைக்காலில் தடுமாறாமல் குந்தி எழுதல், தொடை முன்தசையின் வலிமை மறு காலின் வலிமையில் குறைந்தது 70 விழுக்காட்டை எட்டுதல் ஆகியவை எதிர்பார்க்கப்படுகின்றன. நடையும் ஓட்டமும் மாறிமாறி வரும் வகையில், சமதளத்தில் நேர்கோட்டில் ஓட்டம் தொடங்கும்.

இதனைத் தொடர்ந்து துள்ளல் பயிற்சிகள் இடம்பெறும். இரு கால்களால் குதித்து இரு கால்களால் இறங்குதல், தாழ்வான பெட்டியிலிருந்து இறங்குதல், ஒற்றைக்காலில் துள்ளுதல் என்ற வரிசையில் இவை கடினமாக்கப்படுகின்றன. எவ்வளவு உயரம் குதிக்கிறார் என்பதைவிட, எவ்வளவு ஓசையின்றி, முழங்காலையும் இடுப்பையும் மடக்கி மென்மையாகத் தரையிறங்குகிறார் என்பதே இங்கு கவனிக்கப்படும்.

ஐந்தாம் கட்டம்: ஆறாவது மாதத்துக்குப் பின்

திசைமாறி ஓடுதல், திடீரென நிறுத்துதல், பின்னோக்கி ஓடுதல், பந்துடன் பயிற்சி, எதிராளி இல்லாத ஆட்டம், எதிராளியுடன் கூடிய பயிற்சி ஆட்டம் என்று விளையாட்டுக்கே உரிய அசைவுகள் படிப்படியாகச் சேர்க்கப்படுகின்றன. சடுகுடு வீரர் ஒருவருக்குக் கணுக்கால் பிடிபட்ட நிலையில் உடலைத் திருப்பும் அசைவும், கூடைப்பந்து வீரருக்குத் தாவி இறங்கும் அசைவும் தனித்தனியே பயிற்றுவிக்கப்பட வேண்டும்.

விளையாட்டுக்குத் திரும்புதல்

இரு கால்களின் வலிமையையும் துள்ளும் தொலைவையும் ஒப்பிடும் சோதனைகள் இம்முடிவுக்குப் பயன்படுகின்றன. ஒற்றைத் துள்ளல், தொடர்ச்சியான மூன்று துள்ளல், கோட்டைக் குறுக்கே கடக்கும் மூன்று துள்ளல், 6 மீட்டர் தொலைவை ஒற்றைக்காலில் கடக்க எடுக்கும் நேரம் ஆகிய நான்கும் பரவலாக அறியப்பட்டவை. காயமுற்ற கால் மறு காலின் திறனில் குறைந்தது 90 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். பயிற்சியின்மையால் மறு காலும் மெலிந்திருக்கக் கூடுமாதலால், இவ்வளவுகோல் சில வேளைகளில் உண்மையைவிட நல்ல தோற்றத்தைத் தந்துவிடும்.

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 106 பேரைத் தொடர்ந்து கண்காணித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒன்பதாவது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வீதம் 51 விழுக்காடு குறைந்தது. சோதனைகளில் தேறாமல் விளையாடச் சென்றவர்களில் 38.2 விழுக்காட்டினர் மீண்டும் முழங்காலில் காயமுற்றனர். தேறிய பின் சென்றவர்களில் இது 5.6 விழுக்காடாக மட்டுமே இருந்தது. 25 வயதுக்குட்பட்டு, மீண்டும் விளையாட்டில் ஈடுபட்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அதே முழங்காலிலோ மறு முழங்காலிலோ தசைநார் மீண்டும் கிழிந்ததாக 2016-இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு காட்டுகிறது.

எசுப்பானியக் காற்பந்து வீராங்கனை அலெக்சியா புத்தேயாசு 2022 சூலையில் இக்காயமுற்று, 2023 ஏப்ரலில், ஒன்பது மாதங்களுக்குப் பின்னரே களத்துக்குத் திரும்பினார். அவ்வாண்டு உலகக் கோப்பையை வென்ற அணியில் அவர் இடம்பெற்றார். இந்தியச் சீருடற்பயிற்சி வீராங்கனை தீபா கர்மாகர் 2017-இல் இதற்கான அறுவை சிகிச்சைக்குப் பின், 2018 சூலையில் துருக்கியின் மெர்சின் நகரில் நடந்த உலகச் சவால் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார்.

உளவியல் கூறுகள்

2014-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி, அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 81 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்பினர். 65 விழுக்காட்டினர் முன்பிருந்த நிலைக்குத் திரும்பினர். போட்டி விளையாட்டுக்குத் திரும்பியோர் 55 விழுக்காட்டினரே. உடல் தேறிய பின்னும் மீண்டும் காயம் நேருமோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. ஆகவே நோயாளியின் நம்பிக்கையை அளவிடும் வினாப் பட்டியல்களும் திரும்பும் முடிவில் கருத்தில் கொள்ளப்படுகின்றன. சிறு சிறு இலக்குகளை வைத்துப் பயிற்சியைப் பதிவு செய்துவருவது இதற்குத் துணையாகும்.

அன்றாட வாழ்க்கை

விளையாட்டு வீரர் அல்லாதோருக்கும் இப்பயிற்சிகள் பொருந்தும். தெற்காசியாவில் தரையில் சம்மணமிட்டு அமர்தல், குந்தி அமரும் கழிப்பறையைப் பயன்படுத்துதல் போன்றவற்றுக்கு முழங்கால் 130 பாகைக்கும் மேல் மடங்க வேண்டியுள்ளது. மடக்கம் மீண்டுவிட்டாலும், உடல் எடையுடன் ஆழமாகக் குந்தித் திருகி எழுவது தொடக்க மாதங்களில் குருத்தெலும்புக்கும் ஒட்டுக்கும் தீங்காகலாம். ஆகவே உயரமான இருக்கையும், பிடித்தெழக் கைப்பிடியும் பரிந்துரைக்கப்படுகின்றன. இரு சக்கர ஊர்தியைக் காலூன்றி நிறுத்தும்போது முழங்கால் எதிர்பாராமல் திருகுப்படக்கூடும் என்பதால், ஒற்றைக்காலில் உறுதியாக நிற்க இயலும் வரை அதனைத் தவிர்ப்பது நல்லது.

எச்சரிக்கைகள்

பயிற்சியின்போது தசையில் களைப்பும் இலேசான வலியும் தோன்றுவது இயல்பு. ஆனால் மறுநாளும் வலியோ வீக்கமோ கூடியிருந்தால், முந்தைய நாளின் சுமை மூட்டுக்கு மிகையானது என்று கொண்டு அதனைக் குறைக்க வேண்டும். பின்வரும் அறிகுறிகள் தென்பட்டால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

- கணைக்காலில் வலியுடன் கூடிய வீக்கம். இது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம்.
- மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி. உறைந்த இரத்தம் நுரையீரலைச் சென்றடைந்ததன் அடையாளமாக இருக்கலாம் என்பதால் இது அவசரநிலையாகும்.
- காய்ச்சல், காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் வடிதல்
- முழங்கால் ஒரு நிலையில் சிக்கி அசையாது போதல்
- முன்பு நீண்ட முழங்கால் மீண்டும் நீள மறுத்தல்
- திடீர் ஒலியுடன் மீண்டும் மூட்டு நழுவுதல்

வரலாறு

முன் சிலுவைத் தசைநாரைத் தைத்துச் சரிசெய்த முதல் அறுவைகளுள் ஒன்றை, இங்கிலாந்தின் லீட்சு நகரில் மேயோ ராப்சன் 1895-இல் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்குச் செய்தார். 1917-இல் பிரிஸ்டல் நகர மருத்துவர் எர்னஸ்ட் ஹே குரோவ்ஸ், தொடையின் பக்கவாட்டு உறையிலிருந்து எடுத்த பட்டையைக் கொண்டு தசைநாரை மீளமைத்தார்.

வலிமைப் பயிற்சியின் வளர்ச்சிக்கு இரண்டாம் உலகப் போர் காரணமாயிற்று. அமெரிக்கப் படை மருத்துவர் தாமஸ் டிலோர்ம், காயமுற்ற படைவீரர்களின் மெலிந்த தொடைகளுக்கு இலேசான அசைவுகளை மீண்டும் மீண்டும் செய்விப்பதற்கு மாறாக, அதிக எடையைக் குறைந்த முறைகள் தூக்கச் செய்தார். 1945-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, படிப்படியாக எதிர்விசை கூட்டும் பயிற்சி முறைக்கு அடித்தளமிட்டது.

1980கள் வரை அறுவைக்குப் பின் முழங்காலை மாவுக்கட்டில் பல வாரங்கள் அசையாமல் வைப்பது பரவலாக இருந்தது. இதனால் ஒட்டு காக்கப்பட்டாலும் மூட்டு இறுகி, தசை சூம்பியது. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் செல்போர்ன், அறிவுரையை மீறி முன்கூட்டியே காலை நீட்டி நடக்கத் தொடங்கிய நோயாளிகள், அறிவுரையைப் பின்பற்றியவர்களைவிட நன்றாகத் தேறியதைக் கவனித்தார். இதன் அடிப்படையில் உடனடி முழு நீட்டத்தையும் விரைந்த நடையையும் வலியுறுத்தும் விரைவு மறுவாழ்வு முறையை 1990-இல் பால் நிட்ஸ் என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். இன்றைய திட்டங்கள் இவ்வாறு விரைவாகத் தொடங்குவதை ஏற்றுக்கொண்டு, விளையாட்டுக்குத் திரும்புவதை மட்டும் தாமதப்படுத்துகின்றன.

தடுப்பு

இதே அசைவுப் பயிற்சிகள் காயம் ஏற்படாமல் தடுக்கவும் உதவுகின்றன. பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பின் ஆதரவுடன் 2006-இல் உருவான பதினொன்று கூட்டல் எனப்படும் உடல் சூடேற்றும் பயிற்சித் தொகுப்பு சுமார் 20 நிமிடங்கள் கொண்டது. ஓட்டம், தொடை பின்தசை வலுவூட்டல், ஒற்றைக்கால் சமநிலை, துள்ளி மென்மையாக இறங்குதல் ஆகியன இதில் அடங்கும். வாரத்துக்குக் குறைந்தது இருமுறை இடைவிடாது செய்யும் அணிகளில் காயங்கள் குறைந்துள்ளன. சிறப்புக் கருவிகள் எவையும் தேவைப்படாமையால் பள்ளி விளையாட்டுத் திடல்களிலும் இதனைக் கடைப்பிடிக்க இயலும். ஒருமுறை காயமுற்று மீண்டவர்கள் விளையாட்டைத் தொடரும் காலம் முழுவதும் இத்தகைய பயிற்சிகளைக் கைவிடாதிருப்பது மறுகாயத்தைத் தவிர்க்கும் வழியாகும்.

இவற்றையும் பார்க்க

- முழங்கால் மூட்டு
- இயன்முறை மருத்துவம்
- பிறைக் குருத்தெலும்பு
- விளையாட்டு மருத்துவம்